அப்பா கை எட்டிய தூரம்

எங்கள் வயலின் கீழ்வரப்பை ஒட்டி நின்ற அந்தப் பச்சைப் பட்டையை என்னால் மறக்க முடியவில்லை. 2019 சம்பா. நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஏக்கர் முழுக்கப் பயிர் வெளிறிப்போய் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாக நின்றது. வரப்போரம் மட்டும், பதினைந்து அடி அகலத்துக்கு, கருகருவென்று இருந்தது. பட்டையின் உள்விளிம்பு கயிறு பிடித்த மாதிரி நேராக இல்லை. நாலு எட்டுக்கு ஒரு வளைவாக, அலை அலையாகப் போனது. மேட்டு நீர் கசிகிறதா, பழைய குப்பைமேடு இருந்த இடமா என்று என்னென்னவோ யோசித்தேன். அந்த வளைவுகளின் அர்த்தம் பிடிபட மூன்று மாதம் ஆனது.

அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் ஒரே ராத்திரியில் தோப்புகள் படுத்துவிட்டன. எங்களுடைய முப்பது வருஷத் தென்னைகளும் அதில் போயின. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே தை பிறந்துவிட்டது. அந்த மாதங்களில் மண்ணைப் பற்றி நிறையப் படித்தேன், நிறையப் பேரின் பேச்சைக் கேட்டேன். வேதி உரம் மண்ணைக் கொல்கிறது, சாணம் அதை உயிர்ப்பிக்கிறது என்ற எண்ணம் எனக்குள் இறுகிப்போனது. புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஒரு ஏக்கர் செம்மண் வயலில் இனி ஒரு குருணை யூரியாகூட விழாது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. "குப்பை எங்கேருந்து கொண்டாரப் போற?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டில் இருந்தவை இரண்டு மாடுகள். பக்கத்து ஊர்ப் பால்பண்ணை ஒன்றிலிருந்து இரண்டு டிராக்டர் லோடு சாணக் குப்பை வாங்கினேன். வைக்கோலும் சாணமும் கலந்து, மேலே காய்ந்து, உள்ளே ஆவி பறக்க இருந்த குப்பை. கையை விட்டால் சுட்டது. நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வயலில் அடித்து, இறைத்து, சேற்றோடு உழுதுவிட்டேன். சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தின் நாற்று. நட்ட பதினைந்தாம் நாள் பயிருக்குள் நடந்தால் கால் வைத்த இடமெல்லாம் குமிழி குமிழியாகக் கிளம்பியது. ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் துருப்பிடித்த கம்பி நிறத்தில் இருந்தது. இருபதாம் நாள் வயல் மஞ்சளாகிவிட்டது.

அன்று ராத்திரி திண்ணையில் அப்பா பேச்சை எடுத்தார். "ஒரு மூட்டை வீசிடுவோமாடா?" கூடாது என்றேன். "பயிரு பசியில கெடக்குடா." கொஞ்ச நாளில் தானாகத் தேறிவிடும் என்றேன். மண் பழக வேண்டும், முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் என்று கேட்டதையும் படித்ததையும் அவருக்கு ஒப்பித்தேன். நாற்பத்தைந்து வருஷம் வயலில் நின்றவருக்கு நான் எடுத்துச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

அறுவடை நாள்

தை மாதக் கடைசியில் அறுவடை மிஷின் வந்தது. வரப்போரப் பட்டையை மட்டும் மிஷினுக்கு விடாமல் கையால் அறுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதில் என்ன விளைகிறது என்று தனியாகப் பார்க்கும் ஆசை. நூற்றைம்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம், கிட்டத்தட்ட 5 சென்ட். நானும் அப்பாவும் இரண்டு ஆட்களும் அரிவாளோடு இறங்கினோம். தாளைப் பிடித்தாலே வித்தியாசம் தெரிந்தது. மீதி வயலின் பயிர் ஒரு பிடியில் நாலைந்து குத்தாக வந்தது, இங்கே இரண்டு குத்துக்கே கை நிறைந்தது. கதிர் அரிவாளோடு சேர்ந்து கீழே இழுத்தது.

களத்தில் அடித்து, தூற்றி, தொங்கு தராசில் போட்டோம். 105 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 60 கிலோ மூட்டை 35. மிஷின் அறுத்த மீதி வயலில் ஏக்கர் கணக்குக்கு 17 மூட்டைதான் தேறியது. அடுத்த வயல் சித்தப்பாவுடையது. அதே மண், அதே ரகம், அதே தண்ணீர். குப்பை என்பதே இல்லாமல் யூரியாவும் டிஏபியுமாகக் கொடுத்திருந்தார். அவருக்கு 29. பயிர் செழிப்பாக வந்ததில் இலைச்சுருட்டுப் புழு விழுந்து இரண்டு தடவை மருந்தடித்தார். கார்த்திகை மழையில் ஒரு மூலை சாய்ந்தும் போனது.

தராசு முள்ளைப் பார்த்தபடி நின்றேன். அப்பா பக்கத்தில் வந்து, தலையைத் தூக்காமல், "நாந்தாண்டா வீசினேன்" என்றார். இருபத்தோராம் நாள் விடியற்காலை, நான் எழுவதற்கு முன்பே, சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு வாளியில் இரண்டு கிலோ யூரியா வாங்கிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து வீசியிருக்கிறார். உள்ளே இறங்கினால் சேற்றில் கால்தடம் விழும், நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று இறங்கவே இல்லை. பொதி கட்டும் சமயத்தில் இன்னொரு இரண்டு கிலோ. அந்தப் பதினைந்து அடி என்பது அவர் கை எட்டிய தூரம். அந்த வளைவுகள் அவர் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று கையை விசிறிய இடங்கள். "நீ வாய் பேசுற. அது பேசுமா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பரிசோதனையைக் கெடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த 105 என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டது. அது என் 17-ஐ விட அதிகம் என்பதில் ஆச்சரியம் இல்லை. சித்தப்பாவின் 29-ஐயும் தாண்டியது எப்படி? சித்தப்பா ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா போட்டவர். அப்பா வீசியது ஏக்கர் கணக்குக்கு 80 கிலோ, இரண்டு மூட்டைக்கும் குறைவு. பாதி உரத்தில் ஆறு மூட்டை கூடுதல். ஐந்து சென்டை வைத்து ஏக்கரைச் சொல்லக் கூடாது, வரப்போரத்தில் வெயில் கூடுதலாக விழும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதைக் கழித்தாலும் ஏதோ மிஞ்சியது.

யார் முதல் பந்தி

பிறகு நிதானமாக உட்கார்ந்து புரிந்துகொண்டது இது. வேகாத குப்பையில் வைக்கோல் அதிகம், அதாவது கரி (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதைத் தின்று மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டும். குப்பையில் போதவில்லை என்றால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவை உட்கார்ந்துவிட்டன, பயிர் வாசலில் நின்றது. அவை தின்று, செத்து, அந்தச் சத்து மறுபடி மண்ணுக்கு வரும்போது இரண்டாம் பந்தி. ஆனால் நெல்லுக்குத் தூர் கட்டும் பருவம், அடியிலிருந்து பக்கக் கிளை விடும் பருவம் என்று ஒன்று உண்டு. அந்த இருபது, இருபத்தைந்து நாளில் சோறு கிடைக்கவில்லை என்றால் பிறகு விருந்தே வைத்தாலும் தூர் கூடாது. அப்பா வீசிய இரண்டு கிலோ, முதல் பந்திக்கும் பயிருக்கும் சேர்த்து இலை போட்டது. குப்பை கொடுத்த மற்றதெல்லாம் அந்தப் பட்டையில் மட்டும் பயிருக்குப் பயன்பட்டது.

மற்றது என்றால் என்ன? எங்கள் செம்மண் சல்லடை மாதிரி. போட்ட யூரியாவில் ஒரு பகுதி தண்ணீரோடு இறங்கும், ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும். மக்கிய எரு இருந்தால் சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பிடிமானம் கிடைக்கிறது. துத்தநாகம், கந்தகம் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. யூரியா மூட்டைக்குள் தழைச்சத்தைத் தவிர எதுவும் கிடையாது. வருஷக்கணக்கில் அதை மட்டும் கொடுத்தால் பயிர் அதன் பலத்தில் மண்ணிலிருக்கும் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். என் வயலின் மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மக்கிய பொருளில் இருக்கும் கரி, 0.38 சதவீதம் என்று வந்தது. 0.5-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நல்ல தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். ஏக்கருக்கு 5 டன் அடித்தால் 25 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. இரண்டு டிராக்டர் குப்பையும் ஒரு மூட்டை யூரியாவும் தழைச்சத்தில் ஏறக்குறைய சமம். அதிலும் எருவில் உள்ளது முதல் போகத்தில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் பயிருக்கு எட்டும். சம்பாவுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, ஏக்கருக்கு 60. எருவால் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும் என்றால் முதல் வருஷம் 40 டன் ஆகும். ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணி போடும், மக்கினால் வருஷத்துக்கு இரண்டு டன் மிஞ்சினால் பெரிது. ஒரு ஏக்கருக்கு இருபது மாடு. "குப்பை எங்கேருந்து கொண்டாரப் போற?" என்று அப்பா கேட்டது இதைத்தான்.

வருஷா வருஷம் எரு அடித்துக்கொண்டே வந்தால் பழைய வருஷங்களின் மீதி சேர்ந்து இந்தக் கணக்கு இளகும் என்பதும் உண்மை. "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று நம்மவர்கள் ஒரே வரியில் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் மறுவருஷச் சோற்றை இந்த வருஷமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோவையில் இதற்கென்றே ஒரு வயல் இருக்கிறது. 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, இன்று வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள். ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்தும் சேர்த்து மூன்றும், ஒன்றுக்கு மாட்டெரு மட்டும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று தலைமுறைகள் மாறியும் அதே பாத்தியில் அதே உரம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சிப் பண்ணையில் 1843 முதல் கோதுமையில் நடக்கும் சோதனைதான் அதற்கு முன்மாதிரி. அங்கேயும் எருவுக்கு மேல் கொஞ்சம் தழைச்சத்து உரமும் கொடுத்த பாத்திகள்தான் புது ரகங்களுக்கு நல்ல விளைச்சல் தந்தன. 1972-இல் கோவையில் கேழ்வரகு, மக்காச்சோளத்தை வைத்து இன்னொரு நீண்டகாலச் சோதனை தொடங்கினார்கள். அதில் தொடர்ந்து முன்னால் நிற்பது பரிந்துரைத்த முழு உரத்தோடு தொழு எருவும் சேர்ந்த பாத்தி. அப்பா ஒரு விடியற்காலையில் வரப்பிலிருந்து விசிறியதைத்தான் அவர்கள் ஆண்டாண்டாக எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்தபோது தோன்றியது. அப்பாவுக்குச் சொன்னேன். "ம்" என்றார்.

2021-இல் இலங்கைச் செய்திகள் வந்தபோது எனக்கு அந்த மஞ்சள் வயல்தான் கண்ணில் நின்றது. மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் விலக்கினார்கள், ஆனால் பெரும்போகம் என்ற அவர்களுடைய முக்கிய நெல் சாகுபடி அதற்குள் அடிபட்டுவிட்டது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசியில் தன்னிறைவாக இருந்த நாடு இறக்குமதிக்குப் போனது. நான் ஒரு ஏக்கரில் செய்ததை அங்கே நாடு முழுக்கச் செய்தார்கள். எனக்குப் போனது பதினெட்டு மூட்டை, அப்பாவின் பென்ஷனில் அரிசி வாங்கிக்கொண்டோம். ஒரு ஏக்கரை மட்டுமே நம்பியிருந்த கிளிநொச்சிக் குடும்பம் என்ன செய்திருக்கும்? இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்கள் இதைச் சொன்னால் வருத்தப்படுகிறார்கள். மண்ணைப் பற்றி அவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் நான் இன்றும் நம்புகிறேன். யூரியா மட்டுமே போட்டால் போதும் என்பவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. 266 ரூபாய் ஐம்பது காசுக்கு ஒரு மூட்டை கிடைக்கிறது, மற்ற உரங்கள் ஏறிய விலையில் இது மட்டும் அப்படியே நிற்கிறது, ஒரு லோடு குப்பை எங்கள் பக்கம் மூவாயிரத்துக்குக் குறையாது. இந்த நிலைமையில் யார்தான் குப்பை அடிப்பார்கள்? கை தானாக யூரியா பக்கம் போகிறது. அதில் விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது செய்வது

பங்குனியில் ஆட்டு மந்தையோடு கீதாரி வருகிறார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், அப்பாவுக்கு வெகுநாள் பழக்கம். அறுப்பு முடிந்த வயலில் முன்னூறு ஆடுகளை மூன்று ராத்திரி கிடை மறிப்பார். புழுக்கையைவிட மூத்திரம்தான் பெரிய வரவு, தொழுவத்தில் வீணாகப் போவது இங்கே நேராக மண்ணில் இறங்குகிறது. அதனால்தான் ஆட்டெருவுக்கு அவ்வருஷமே பலன். "தம்பி, கிடை எழும்பின மறுநாளே ஒரு சால் ஓட்டிப் போடு, வெயில்ல விடாத" என்று ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் சொல்வார். வெயிலில் கிடந்தால் சத்து ஆவியாகிவிடும் என்பதை எந்த வகுப்பிலும் உட்காராமல் மூக்கால் அறிந்தவர். ஆனால் கிடை குறைந்துகொண்டே வருகிறது. மேய்ச்சலுக்குத் தரிசு இல்லை, அவர் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள்.

மாட்டுக் குப்பையை இப்போது ஐந்து மாதம் குழியில் மக்க வைத்த பிறகே வயலுக்கு எடுக்கிறேன். நிலக்கடலைக்கு வேறு முறை. ஏக்கருக்கு 300 கிலோ பொடித்த எருவில் அடியுரத்துக்கான சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் கலந்து, புட்டுமாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, குவித்து, மேலே சேறு பூசி மூடி ஒரு மாதம் விட்டுவிடுவது. ஊட்டமேற்றிய தொழு உரம் என்று வேளாண்மைத் துறையில் சொல்வார்கள். செம்மண்ணில் தனியாகப் போட்ட மணிச்சத்தை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும், எருவோடு ஊறிப் போனால் அந்தப் பிடி தளர்கிறது. முதல் தடவை சேற்றை உடைத்தபோது எரு கறுப்பாக, மழை பெய்த காட்டு வாசனையோடு இருந்தது. யூரியாவை மட்டும் இப்படிக் கலந்து வைக்கக் கூடாது. இரண்டே நாளில் கண் எரிகிற நாற்றமாகக் காற்றோடு போய்விடும். அதை ஐந்து பங்குக்கு நாலு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, தண்ணீரை வடித்துவிட்டு வீசுகிறேன்.

எப்போது வீசுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட பதினான்காம் நாள் முதல் வாரம் ஒரு தடவை, விரிந்த இளம் இலையை அட்டையின் பச்சையோடு ஒப்பிட வேண்டும். நான்காம் எண்ணுக்குக் கீழே வெளிறினால் உரம் வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். அப்பாவுக்கு அட்டை தேவைப்படுவதில்லை. வரப்பில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு "நாலு நாள் பொறு" என்பார். நாலு நாள் கழித்து அட்டையை வைத்தால் அது சரியாக இருக்கும்.

ஆறு சம்பா ஆகிவிட்டது. யூரியா ஏக்கருக்கு ஒன்றரை மூட்டையில் நிற்கிறது, விளைச்சல் 32, 33. அங்ககக் கரிமம் 0.51-க்கு வந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று முதலில் சோர்வாக இருந்தது. நம் வெயிலுக்கு மண்ணில் கரி நிற்காது, வேகமாக எரிந்துவிடும், ஏறியதே பெரிது என்று மண் பரிசோதனை செய்தவர் சொன்னார். சித்தப்பா போன வருஷம் என்னிடம் ஒரு லோடு குப்பை கேட்டார். என்னிடம் கொடுக்க இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து நாலு. வலது தோள் மேலே எழும்புவதில்லை, வீசுவதெல்லாம் நான்தான். போன வாரம் குழிக் குப்பையை எடுக்கலாமா என்று கேட்டேன். "கையை விட்டுப் பாரு" என்றார். முழங்கை வரை விட்டேன். குளுகுளுவென்று இருந்தது, ஒட்டவில்லை. ஒரு பிடி எடுத்து அவரிடம் நீட்டினேன். இடது கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, முகர்ந்து, மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டார்.

"யூரியா எத்தன மூட்டை சொல்லியிருக்க?"

"ஒன்றரைப்பா."

"சரி. வண்டிய வரச் சொல்லு."